கிழட்டுப் பூனைக்கு எவ்வளவு?

பதினான்கு வயதுப் பூனை தண்ணீர் அதிகம் குடிக்கத் தொடங்கினால் வீட்டில் யாரும் அதை நோயாக நினைப்பதில்லை. வெயில் என்பார்கள். பாத்ரூம் வாளியின் விளிம்பில் முன்னங்காலை ஊன்றிக்கொண்டு அது நக்கிக் குடிப்பதை வேடிக்கை பார்ப்பார்கள். மணல் தட்டில் ஈரக்கட்டி பெரிதாகி, முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்டு, காலையில் நுரை நுரையாக வாந்தியும் வந்த பிறகுதான் டாக்டர் நினைவு வரும். இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு அவர் சொல்வார்: சிறுநீரகம் பழுதாகிவிட்டது, இனி குணமாகாது, சமாளிக்கத்தான் முடியும். கையில் ஒரு மருந்துச் சீட்டையும் தருவார். அறக்கேள்வி அந்தச் சீட்டோடுதான் வீட்டுக்குள் வருகிறது.

வயதான பூனைகளுக்கு இந்த நோய் மிகச் சாதாரணம். சிறுநீரகத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு செயலிழந்த பிறகே வெளியில் அறிகுறி தெரியும். இரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவின் அளவு ஏறுவதற்குள் நான்கில் மூன்று பங்கு போயிருக்கும். வலியை மறைப்பது பூனையின் பிறவிக் குணம். ஆகவே தாமதமாகக் கண்டுபிடித்ததற்காக எந்த வீட்டாரையும் குறை சொல்ல முடியாது. கண்டுபிடித்த பிறகு என்ன செய்கிறார்கள் என்பதில்தான் விவகாரம். கையில் அளவான பணம் உள்ள குடும்பம், குணமாகாத நோயுள்ள ஒரு கிழட்டுப் பூனைக்கு எதுவரை செய்யக் கடமைப்பட்டிருக்கிறது? எங்கே நிறுத்தினால் நியாயம், எங்கே நிறுத்தினால் துரோகம்?

கடமையே கிடையாது என்பவர்களிடம் ஒரு வாதம் தயாராக இருக்கும். "நாங்களா காசு கொடுத்து வாங்கினோம்? அதுவா வந்துச்சு, அதுவா இருந்துச்சு." தமிழ்நாட்டு வீடுகளில் பெரும்பாலான பூனைகளின் வரலாறு இதுதான், மறுப்பதற்கில்லை. மாடிப்படிக்கு அடியில் தாய் போட்டுவிட்டுப் போன குட்டி. மீன் கழுவும் நேரத்தில் வாசலில் வந்து நின்று, ஒரு மழைநாளில் உள்ளே வந்துவிட்டது. ரசீது இல்லைதான். ஆனால் பதினான்கு வருஷம் தினமும் தட்டில் சோறு விழுந்ததால்தான் அது வெளியே இரை தேடும் வேலையை மறந்தது. இன்று அதை விரட்டினால் தெருவில் ஒரு வாரம் தாக்குப்பிடிக்காது என்றால், அந்த நிலைக்கு அதைக் கொண்டுவந்தது இந்த வீட்டுச் சோறு. கடமை பிறப்பது அங்கே.

சட்டமும் ரசீது கேட்பதில்லை. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் விடாமல் வாதாடியதன் பயனாகப் பிறந்த 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், பட்டினியாலோ தாகத்தாலோ துன்புறும் நிலையில் ஒரு பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவதைக் குற்றம் என்கிறது. முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமல் ஐம்பது ரூபாய் வரை. அந்தத் தொகையைப் பார்த்து அறத்தை அளக்கத் தொடங்கினால் கட்டுரையை இங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

அடுத்த வாதத்துக்கு இன்னும் எடை உண்டு. "மனுஷனுக்கே வழியில்ல, இதுல பூனைக்கு வேறயா?" மாதம் இருபதாயிரம் வரும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். வாடகை ஏழாயிரம். தாத்தாவின் சர்க்கரை மாத்திரை அரசு மருத்துவமனையில் கிடைத்துவிடுகிறது. பேத்தியின் கல்லூரிக் கட்டணம் அப்படிக் கிடைக்காது. மனிதர்கள் படுத்தால் ஏதோவொரு காப்பீட்டு அட்டையாவது இருக்கும். பூனைக்கு அட்டை இல்லை. இந்த வீட்டில் கல்லூரிக் கட்டணமா, பூனையை மூன்று நாள் தனியார் மருத்துவமனையில் வைத்து ட்ரிப் ஏற்றுவதா என்று வந்தால் கட்டணத்தைத்தான் கட்ட வேண்டும். இதில் தயங்க ஏதுமில்லை. மனித உயிர் உசத்தி என்ற தத்துவத்தை இதற்காக இழுக்கவும் வேண்டாம். அந்தப் பணம் பேத்திக்கு ஒரு வாழ்க்கையைத் தரும். நோய் முற்றிய பூனைக்குச் சில நாட்களைத் தரும், அதையும் கூண்டுக்குள் வைத்துத் தரும்.

ஆனால் இந்த வாதத்தைச் சொல்கிறவர்கள் எல்லோரும் கல்லூரிக் கட்டணத்தின் எதிரே நின்று சொல்வதில்லை. ஆடித் தள்ளுபடியில் மூன்றாவது சேலை எடுத்த கையோடும் சொல்கிறார்கள். பூனைக்கு நூறு ரூபாய் என்றதும் நாட்டில் உள்ள ஏழைகள் அத்தனை பேரும் நினைவுக்கு வந்துவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி வாங்கும்போது ஒருவரும் வருவதில்லை. மனிதனா பூனையா என்ற கேள்வி, இரண்டு தேவைகளும் உண்மையிலேயே ஒரே ரூபாயில் மோதும்போதுதான் நேர்மையான கேள்வி. மற்ற நேரங்களில் அது ஒரு சாக்கு.

அந்த ரூபாய் எவ்வளவு என்பதையே பெரும்பாலான வீடுகள் பார்ப்பதில்லை. சீட்டை முழுசாகப் பார்த்து மலைத்துப்போய் முழுசாக மடித்து வைத்துவிடுகிறார்கள். சிறுநீரக நோய்க்கென்றே விற்கும் உணவு கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டும், மாதாமாதம் கட்டுப்படியாகாது. சரி. அது நல்ல உணவுதான், நோய் வேகத்தைக் குறைக்கும். ஆனால் தின்னாத நல்ல உணவைவிடத் தின்கிற சாதாரண உணவு மேல். பூனை சில நாள் தொடர்ந்து பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு ஏறி அதிலேயே போய்விடும். முள்ளும் தலையுமாகப் போடும் மத்தி மீனை விட்டுவிட்டு எலும்பில்லாத கோழிக்கறி, அவித்த முட்டையின் வெள்ளைக்கரு என்று மாற்றினாலே, பழுதான சிறுநீரகத்துக்குச் சுமையான பாஸ்பரஸ் கணிசமாகக் குறையும். பூனையின் இரத்த அழுத்தத்துக்கு டாக்டர்கள் எழுதும் அம்லோடிபின், தாத்தா சாப்பிடுகிற அதே மாத்திரைதான். பூனைக்கு அதில் ஒரு துணுக்கு போதும், அதை அளந்து சொல்ல வேண்டியவர் டாக்டர். அதே மாத்திரை டப்பாவில் கிடக்கும் பாரசிட்டமாலை 'காய்ச்சல் மாதிரி இருக்கே' என்று ஒன்று கொடுத்தால் பூனை செத்துவிடும். அதை முறிக்கும் வழி பூனையின் கல்லீரலில் இல்லை. வைத்தியச் செலவு பண்ண முடியாத வீடுகளில் இப்படிப் போன பூனைகள் உண்டு. கைவைத்தியம் எல்லாம் மலிவல்ல.

இருப்பதிலேயே அதிகம் உதவும் சிகிச்சையின் விலையைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். ட்ரிப்பாக ஏற்றும் ரிங்கர் லாக்டேட் திரவம் பாட்டில் ஒன்று சினிமா டிக்கெட் விலையை எட்டாது. அதை வீட்டிலேயே ஏற்றலாம். டாக்டர் ஒரு முறை சொல்லிக் கொடுத்தால் கை பழகிவிடும். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் சற்று நேரம் போட்டுவைத்து, ஜன்னல் கம்பியில் தொங்கவிட வேண்டும். பூனை மடியில் துண்டுக்குள் இருக்கும். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைக் கூடாரம் மாதிரித் தூக்கிப் பிடித்து, அந்த இடைவெளியில் ஊசியைச் செலுத்திக் குழாயின் சக்கரத்தைத் திறந்துவிட்டால், பத்து நிமிஷத்துக்குள் நூறு மில்லி இறங்கும். தோலுக்கடியில் ஒரு தண்ணீர் மூட்டை தொங்கும். இரவுக்குள் அது மெல்ல முன்னங்காலுக்கு இறங்கிக் கரைந்துவிடும். ஏற்றிய மறுநாள் சில பூனைகள் தட்டருகே வந்து நின்று சோறு கேட்கும். தினமுமா, ஒன்றுவிட்டு ஒரு நாளா, எத்தனை மில்லி என்பதெல்லாம் பூனையின் எடையையும் இதயத்தையும் பார்த்து டாக்டர் சொல்ல வேண்டியவை.

இங்கே செலவு இடம் மாறுகிறது. பணமாக இருந்தது வேலையாகிறது. ஊசி போடுவதும், வாந்தியைத் துடைப்பதும், மணலை மாற்றுவதும், பழைய பேப்பர் கடைத் தராசில் மாதம் ஒரு தடவை கூடையோடு நிறுத்துப் பார்ப்பதும் யார்? பெரும்பாலான வீடுகளில் ஏற்கெனவே மாமியாருக்கு இன்சுலின் போட்டுக்கொண்டிருக்கும் அதே பெண். "பூனையைக் காப்பாத்தியே ஆகணும்" என்று கண்கலங்கும் கணவரும் பிள்ளைகளும் ஆபீசுக்கும் டியூஷனுக்கும் போய்விடுவார்கள். குடும்பம் பூனைக்கு என்ன செய்யலாம் என்று பேசும்போது ரூபாய்க் கணக்கு மட்டும் பேசுவது, அவளுடைய இரண்டு கைகளை இலவசம் என்று எழுதிவைப்பதற்குச் சமம். அவள் முடியவில்லை என்றால், பணம் முடியவில்லை என்பதற்கு உள்ள மரியாதை அதற்கும் உண்டு.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கட்சி இருக்கிறது. நேசித்தால் எல்லாமே செய்ய வேண்டும், பணத்தைப் பார்ப்பவர் பிராணி வளர்க்கவே கூடாது என்கிறது அது. நகரங்களில் புதிதாகப் பரவியிருக்கும் இந்த அறத்துக்குக் குரல் பெரிது. இதை அப்படியே ஏற்றால் மாதச் சம்பளக்காரன் வாசலுக்கு வரும் குட்டியை விரட்டத்தான் வேண்டும். பூனைகள் வசதியானவர்களின் பிளாட்டுகளில் மட்டும் வாழ வேண்டும். முல்லைக்குத் தேர் கொடுத்த கதையைப் பள்ளியில் படித்து வளர்ந்தவர்கள் நாம். பாரிக்கு முந்நூறு ஊர். அன்று நடந்தே வீடு திரும்பியிருந்தாலும் கொட்டிலில் இன்னொரு தேர் நின்றிருக்கும். ஒரே தேர் உள்ளவன் என்ன செய்ய வேண்டும் என்று அந்தக் கதை சொல்வதில்லை. வள்ளுவர் கொல்லாமைக்கும் அருளுக்கும் துறவறவியலில் இடம் கொடுத்தார். வரவு குறுகினாலும் செலவு விரியாமல் பார்க்கும் அறிவை, அரசனுக்குச் சொல்லும் வலியறிதலில் வைத்தார். துறவிக்கு மருந்துச் சீட்டு வருவதில்லை. குடும்பஸ்தன் இரண்டு அறிவுரையையும் ஒரே சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டியிருக்கிறது.

அடகுக் கடைக்குப் போய்த் தாலிக்கொடியை வைத்து வைத்தியம் பார்த்தவர்களைத் தியாகிகள் என்று கொண்டாடுவதிலும் சங்கடம் உண்டு. அந்தப் பணம் பூனைக்கு என்ன வாங்கியது என்று யாரும் கேட்பதில்லை. நோய் இரண்டாம் நிலையில் தெரியவந்த பூனைகள் பராமரிப்பில் சில ஆண்டுகள் வாழ்வது வழக்கம். அங்கே செலவுக்கு அர்த்தமுண்டு, அந்தச் செலவு பெரும்பாலும் சிறியதும்கூட. கடைசி நிலையான நான்காம் நிலையில் கணக்கு மாதங்களிலும் வாரங்களிலும் போகிறது. கட்டிலுக்கடியில் ஒளியும் சுபாவமுள்ள பிராணியை, நாய்கள் குரைக்கும் கூடத்தில், கூண்டில் அடைத்து, காலில் ஊசியைச் சுற்றிக் கட்டி வைத்து மூன்று வாரம் நீட்டிக்கலாம். பூனைக்கு அடுத்த மாதம் என்ற ஒன்று தெரியாது. பேத்தியின் பரீட்சை முடியும்வரையாவது இருக்கட்டும் என்று அது நினைக்காது. அந்த மூன்று வாரம் யாருக்காக என்று கேட்டால் பதில் சங்கடமாக இருக்கும்.

இனி, வழக்கமாக நடப்பதற்கு வருவோம். கோணிப்பையில் கட்டி மீன் மார்க்கெட்டில் விட்டுவிட்டு வருவது. "அங்க சாப்பாட்டுக்குப் பஞ்சமில்ல." உழுது ஓய்ந்த மாட்டை அடிமாட்டுக்கு விற்றுவிட்டு இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்த விவசாயிகளை இந்த மண் பார்த்திருக்கிறது; அங்கே வறுமையாவது நேருக்கு நேர் நின்று கயிற்றைக் கையில் கொடுத்தது. கோணிப்பையில் அதுவும் இல்லை. கிழட்டு, நோயாளிப் பூனை மார்க்கெட்டில் நாய்க்கும் பிற கடுவன்களுக்கும் நடுவே, தண்ணீர் எங்கே என்று தெரியாமல் சாகும். விட்டவர் அதைப் பார்க்க வேண்டியிருக்காது என்பது ஒன்றே இதன் வசதி. நெரிசலான காப்பகத்தின் வாசலில் இரவில் கூடையை வைத்துவிட்டு நழுவுவதும் ஏறக்குறைய இதுதான்.

இதைவிடக் கண்ணியமாகத் தோன்றும் ஒரு வழி உண்டு. "ஊசி போட்டுக் கொல்றது பாவம். அது பாட்டுக்கு இருக்கட்டும், எப்பப் போகுதோ அப்பப் போகட்டும்." பூனையைக் கொன்றால் பெரும்பாவம் என்று ஊரில் சொல்லிக் கேட்டவர்களுக்கு இந்த வழி நிம்மதி தரும். பூனைக்குத் தராது. சிறுநீரகம் முற்றிலும் ஓய்ந்தபின் இரத்தத்தில் தேங்கும் கழிவு வாயில் புண்ணாகிறது. பசிக்கும், தட்டருகே போகும், மோந்து பார்த்துவிட்டுக் குமட்டலில் திரும்பிவிடும். தண்ணீர்க் கிண்ணத்தின் மேலேயே தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இப்படி நாள் கணக்கில். இதை இயற்கை என்று சொல்ல மனம் வரவில்லை. இயற்கையில் பூனை பதினான்கு வயதுவரை வருவதே அபூர்வம். அதை அவ்வளவு தூரம் கொண்டுவந்தவர்கள் கடைசி பத்து நாளை மட்டும் இயற்கையின் தலையில் கட்டிவிடுகிறார்கள்.

1928-இல் சபர்மதி ஆசிரமத்தில், பிழைக்க வழியின்றித் துடித்துக்கொண்டிருந்த ஒரு கன்றை ஊசி போட்டு முடிக்கச் சொன்னார் காந்தி. ஆசிரமத்துக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. செய்தி வெளியே போனதும் கண்டனக் கடிதங்கள் குவிந்தன. அவர் பின்வாங்கவில்லை. வேறு வழியில்லாத வேதனையைத் தன்னலமின்றி முடித்துவைப்பது அகிம்சையே என்று எழுதினார். அந்தத் 'தன்னலமின்றி' என்ற இடத்தில்தான் ஏழைக் குடும்பம் மாட்டிக்கொள்கிறது. ஊசி போட முடிவெடுக்கும்போது அதன் மனதில் பூனையின் வலி மட்டுமா இருக்கிறது? சீட்டின் தொகையும் இருக்கிறது. நோக்கம் கலப்படமாகிவிட்டதே, அப்படியானால் செயலும் கறைபட்டதா?

கலந்த நோக்கத்தைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. நாளைக் காலையில் யாரோ ஒரு லட்சம் ரூபாயைக் கையில் வைத்துப் போனால் இந்தப் பூனைக்கு என்ன செய்வோம் என்று வீட்டார் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும். அப்போதும் ஊசிதான் என்றால், பணம் முடிவுக்குப் பக்கத்தில் நின்றதே தவிர முடிவை எடுக்கவில்லை; தாராளமாகச் செய்யலாம். பணம் இருந்தால் வைத்தியம் பார்ப்போம், பூனை ஒரு வருஷமாவது நன்றாக இருக்கும் என்றால், ஊசிக்கு முன் ஒரு படி பாக்கியிருக்கிறது: மலிவான வழி எதையெல்லாம் கேட்டுப் பார்த்தோம்? உதாரணத்துக்கு, சிறுநீரகத்தால் அல்லாமல் தைராய்டு அதிகமாகி இளைத்த பூனைக்குச் சில ரூபாய் மாத்திரை பல மாதங்கள் தரும். அதைக்கூட விசாரிக்காமல் 'வசதியில்ல' என்று ஊசிக்குப் போவது தவறு, சந்தேகமில்லாமல் தவறு. எல்லாம் கேட்டுப் பார்த்தும் எட்டவில்லை என்றால் அது அந்த வீட்டின் துயரம். அதை யாரும் குற்றம் என்று எழுதக்கூடாது.

எப்போது என்பதற்கு ஓர் எளிய உதவி: அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004-இல் முன்வைத்த அளவுகோல். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், உற்சாகம், நடமாட்டம் என்று ஒவ்வொன்றாக மதிப்பெண் போட்டுவிட்டு, கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்று கேட்கிறது அது. இதற்குத் தனி நோட்டு வேண்டாம். பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரில் நல்ல நாளுக்கு ஒரு சுழி, கெட்ட நாளுக்கு ஒரு கோடு போதும். கோடுகள் சுழிகளை மிஞ்சும் வாரத்தில், அதுவரை ஒத்துக்கொள்ளாத தாத்தாவும் ஒத்துக்கொள்வார். அப்போது கூடையைத் தூக்கிக்கொண்டு போவதும், ஊசி போடும்போது அறையை விட்டு வெளியேறாமல் தலையில் கைவைத்து நிற்பதும் இந்த வீட்டாரின் கடைசி வேலை. இதற்குச் செலவு குறைவு. இதைத் தட்டிக்கழிப்பவர்களுக்கு வறுமையைக் காரணமாகச் சொல்லும் உரிமை கிடையாது என்றே தோன்றுகிறது.

டாக்டர்கள் பக்கமும் ஒரு வார்த்தை. முழு வைத்தியம் அல்லது ஒன்றுமில்லை என்று இரண்டே கதவைக் காட்டும் மருத்துவர், இரண்டாவது கதவுக்குத் தானே ஆளைத் தள்ளுகிறார். சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தொடங்கியது. வேப்பேரியில் அதன் மருத்துவமனை இன்றும் தனியாரைவிட வெகு குறைவான கட்டணத்தில் பூனையைப் பார்க்கிறது. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கல்லூரிகளிலும் மருத்துவமனை உண்டு. சிற்றூர்க் கால்நடை மருந்தகங்கள் மாட்டுக்கும் ஆட்டுக்கும் பழகியவை, அங்கே பூனைக்கு இரத்தப் பரிசோதனை கேட்டால் சிரிப்பார்கள். இது மாற வேண்டும். அதுவரை கேட்க வேண்டியது வீட்டார்தான், கூச்சப்படாமல்: "டாக்டர், மாசம் ஆயிரம் ரூபாய்தான் எங்களால முடியும். இதுல எது ரொம்ப முக்கியம், எதை விட்டா பரவாயில்ல?" நல்ல மருத்துவர் இந்தக் கேள்விக்குச் சீட்டைத் திருப்பி வாங்கி, நாலு வரியை அடித்துவிட்டு இரண்டை வட்டமிட்டுத் தருவார்.

வீட்டில் பத்து வயதைத் தாண்டிய பூனை இருந்தால், அது நன்றாக ஓடியாடிக்கொண்டிருந்தாலும், இந்த வருஷம் ஒரு முறை கூடையில் வைத்துக் கொண்டுபோய் இரத்தத்தில் கிரியேட்டினினும், கூடவே சிறுநீரும் பார்த்துவிடுங்கள். நோய் இரண்டாம் நிலையில் தெரிந்தால் இந்தக் கட்டுரையில் உள்ள கஷ்டமான கேள்விகளில் பாதிக்கு மேல் சில ஆண்டுகள் தள்ளிப்போகும்.